சங்கிலிக் கிருமியும் செபலோஸ்போரினும்

இளம் அறிவியல் நுண்ணுயிரியல், மூன்றாம் ஆண்டு மாணவி

நுண்ணுயிரியல் மாணவர்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதினால், அது அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் பூசணம் பிடித்த தட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று தமிழ் இலக்கிய வகுப்புத் தோழியர் எங்களைக் கேலி செய்வதுண்டு. கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. நூலகத்தில் உள்ள பழைய மலர்களைப் புரட்டினால் ஃபிளெமிங் பல முறை வந்து போயிருக்கிறார். ஆகவே இம்முறை அவரை ஓய்வெடுக்க விட்டுவிட்டு, அவருடைய பெனிசிலினுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையாகும் செபலோஸ்போரின் குடும்பத்தைப் பற்றி எழுத முற்பட்டேன். அந்தக் குடும்பத்து மருந்துகளுக்கு ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி எவ்வளவு தூரம் கட்டுப்படும், எங்கே கட்டுப்படாது என்பதே என் பொருள். இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு என் வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கிருமியைப் பார்ப்போம். உருப்பெருக்கியின் கீழ் இது சிறு சிறு மணிகளைக் கோத்த மாலைபோல் தோன்றும். வியன்னாவில் அறுவை மருத்துவராக இருந்த பில்ராத் 1874-இல் இதற்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் முறுக்கிய சங்கிலி, தானியமணி என்னும் இரு சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. நம் வகுப்பில் இதைச் சங்கிலிக் கிருமி என்றே சொல்லிக்கொள்கிறோம். 1933-இல் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க அம்மையார் இவற்றின் உறையிலுள்ள சர்க்கரைப் பொருளைக் கொண்டு ஏ, பி, சி எனப் பிரிவுகள் வகுத்தார். தொண்டைப் புண்ணை உண்டாக்குவதில் பேர்போனது ஏ பிரிவு. பச்சிளங் குழந்தைகளைத் தாக்குவது பி பிரிவு. நிமோனியாவையும் மூளை உறை அழற்சியையும் தரும் நியூமோகாக்கஸும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததே. நம் ஒவ்வொருவர் வாயிலும் வாடகையின்றிக் குடியிருக்கும் விரிடான்ஸ் கூட்டமும் அப்படித்தான்.

இனி மருந்து. இத்தாலியைச் சேர்ந்த சர்தீனியாத் தீவின் தலைநகர் காலியாரி. அங்கே சுகாதாரப் பேராசிரியராக இருந்த ஜுசெப்பே புரோட்சு என்பவர், நகரின் சாக்கடை நீர் கடலில் கலக்கும் இடத்தைக் கவனித்தார். அவ்வளவு அழுக்கு சேர்ந்தும் அக்கடல்நீரில் நோய்க்கிருமிகள் மடிந்துபோவதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1945-இல் அந்த நீரிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதற்கு அப்போது வழங்கிய பெயர் செபலோஸ்போரியம். அதன் சாற்றை டைபாய்டு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். 1948-இல் தம் முடிவுகளை அச்சிட்டார். போர் முடிந்த காலம், பெரிய ஆய்வுக்கூட வசதி அவருக்கு இல்லை. பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்டது. அங்கே எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் 1953-இல் செபலோஸ்போரின் சி என்னும் பொருளைக் கண்டனர். அது மிகச் சிறிய அளவிலேயே கிடைத்தது. ஆனால் பெனிசிலினைச் சிதைக்கும் நொதிக்கு அது அசையவில்லை. 1964-இல் செபலோதின் விற்பனைக்கு வந்தது. பின்னர் செபலெக்சின், செபாசோலின், செபோடாக்சிம், செப்ட்ரியாக்சோன், செபிக்சிம் என்று பெயர்கள் பெருகி, இப்போது தேர்வுக்கு மனப்பாடம் செய்வோர் கண்ணீர் விடும் அளவுக்கு வந்து நிற்கின்றன. சாக்கடை வாயில் நின்று யோசித்த ஒரு மனிதரின் பெயரை எங்கள் பாடநூல் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே.

இம்மருந்து எப்படி வேலை செய்கிறது? பாக்டீரியாவுக்குச் சுவர் உண்டு. நம் உடல் அணுக்களுக்கு அது இல்லை. அச்சுவரைக் கட்டும் கொத்தனார்களாகச் சில புரதங்கள் இருக்கின்றன. பெனிசிலினும் செபலோஸ்போரினும் அவர்கள் கையில் போலிச் செங்கலைத் திணித்துவிடுகின்றன. செங்கல் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. கொத்தனாரால் அதை வைக்கவும் முடியாது, விடவும் முடியாது. சுவர் அரைகுறையாக நிற்க, வளரும் கிருமி வெடித்துச் சிதறுகிறது. வளரும் கிருமி என்று சொன்னதைக் கவனத்தில் வையுங்கள். வேலை நடக்காத வீட்டில் கொத்தனாரைக் கெடுத்து என்ன பயன்? சும்மா கிடக்கும் கிருமியை இம்மருந்து எளிதில் கொல்வதில்லை.

மருந்துக்குத் தப்பிக்கக் கிருமிகளுக்கு முக்கியமான வழிகள் இரண்டு. மருந்தை அறுத்தெறியும் நொதியைச் சுரப்பது ஒன்று. ஸ்டாஃபிலோகாக்கஸ் இதில் கைதேர்ந்தது. கொத்தனாரையே மாற்றிவிடுவது மற்றொன்று. நம் சங்கிலிக் கிருமிக்கு முதல் வித்தை வரவே இல்லை. ஏ பிரிவோ இரண்டாவதிலும் பெரிதாகத் தேறவில்லை. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஏ பிரிவு அதற்கு இன்றும் அடங்கியே நடக்கிறது. அண்மைக் காலத்தில் இரண்டொரு இடங்களில் கொத்தனார்ப் புரதம் சற்றே மாறிய வகைகளைக் கண்டிருக்கிறார்கள். அவையும் மருந்தை முழுமையாக மீறியவை அல்ல.

2025 கோடை விடுமுறையில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் பயிற்சி பெற்றேன். அங்கேதான் இவற்றை என் கண்ணால் பார்த்தேன். சங்கிலிக் கிருமி சாதாரண ஊடகத்தில் சரியாக வளராது. அகாரில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஆட்டு இரத்தம் சேர்க்க வேண்டும். (முதலாண்டுத் தங்கை ஒருத்தி, "இறைச்சிக் கடையில் வாங்குவார்களா அக்கா?" என்று கேட்டாள். இல்லை. தூய முறையில் எடுத்து, கண்ணாடி மணிகளோடு குலுக்கி, உறையாதபடி செய்த இரத்தம் அது.) கிருமிக் கரைசலைப் பஞ்சுக் குச்சியால் தட்டெங்கும் பூசி, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை வைத்து, கரியமில வாயு சற்று மிகுந்த அடைகாப்புப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால், மறுநாள் காலை ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி வளராத வட்டம் தெரியும். அளவுகோலை வைத்து அளக்க வேண்டியதுதான். ஏ பிரிவைப் பொறுத்தவரை பெனிசிலின் வில்லைக்கு 24 மில்லிமீட்டர் வட்டம் வந்தால் கிருமி மசிகிறது என்று பொருள். செப்ட்ரியாக்சோனுக்கும் அதே 24தான். நான் அளந்த தட்டுகளில் வட்டங்கள் அதைவிடப் பெரியனவாகவே இருந்தன.

ஆர்வ மிகுதியால் கையில் கிடைத்த செபலோஸ்போரின் வில்லைகளை எல்லாம் வைக்கப் போனேன். அங்கிருந்த மூத்த ஆய்வுக்கூட அக்கா என் கையைப் பிடித்தார்கள். "ஏம்மா வில்லையை வீணாக்கறே? ஏ பிரிவுன்னா பெனிசிலின் ஒன்னு வெச்சாப் போதும். அதுக்கு மசிஞ்சா செபலோஸ்போரினுக்கும் மசியும்னு எழுதிடலாம்" என்றார்கள். பின்னர் விதிமுறை நூலைப் பார்த்தேன். அவ்வாறே இருந்தது. செபலெக்சின், செபாசோலின், செபுராக்சிம், செபோடாக்சிம், செப்ட்ரியாக்சோன் என எதையும் தனியே சோதிக்க வேண்டியதில்லை.

ஆயினும் எல்லாம் ஒரே பலம் உடையன அல்ல. மருந்துகளைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து, தலைமுறை ஏற ஏற கிராம் சாயம் ஏற்கும் கிருமிகளின்மேல் அவற்றின் வலிமை குறையும் என்று வகுப்பில் படிக்கிறோம். இது பாதி உண்மைதான். மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த செபோடாக்சிமும் செப்ட்ரியாக்சோனும் சங்கிலிக் கிருமியை மிகக் குறைந்த அளவிலேயே அடக்கிவிடுகின்றன. முதல் தலைமுறைச் செபலெக்சினுக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். அதே மூன்றாம் தலைமுறையில் பிறந்த செப்டாசிடிமோ சங்கிலிக் கிருமியிடம் சோர்ந்து நிற்கும். அதன் வீரமெல்லாம் சூடோமோனாஸிடம். இவர்கள் எல்லாரையும்விட ஏ பிரிவின்மேல் கூர்மையானது பழைய பெனிசிலினே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2021 நவம்பர் முதல் நாள் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் மீண்டும் திறந்தன. நல்ல மழைக்காலம். ஆறாம் வகுப்புப் படித்த என் தம்பி மூன்றாம் வாரத்தில் தொண்டை வலியும் காய்ச்சலுமாகப் படுத்தான். கொரோனாவோ என்று பயந்து சோதித்தார்கள். இல்லை என்று வந்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. மழையில் தொலைவு போக முடியாமல் அம்மா தெருமுனை மருந்துக் கடையில் கேட்டார்கள். கடைக்காரர், "இது நல்ல பவரான மாத்திரை, ரெண்டு நாள் போதும்" என்று நான்கு செபிக்சிம் மாத்திரைகளை வெட்டிக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கிற்று. தம்பி பள்ளிக்கூடமும் போனான். மூன்று வாரம் கழித்து அவன் முழங்கால் வீங்கிற்று. இரண்டு நாளில் அது வடிந்து கணுக்காலுக்குத் தாவிற்று, பிறகு முழங்கை. அரசு மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்றும், இதயத்தின் ஈரிதழ் வால்வு கசிகிறது என்றும் டாக்டர் அம்மா சொன்னார்கள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்விதான். நான் இப்படிப்பில் சேர்ந்த நாளில், "ஏம்மா, உன் படிப்புல அந்த மாத்திரை போலியா நெசமான்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார்கள். வெறும் பட்டையை நான்கு வருடமாக அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

மாத்திரை போலியாக இருந்திருக்க வேண்டியதில்லை. தம்பியின் தொண்டையில் அன்று யாரும் பஞ்சுக் குச்சி வைத்துப் பார்க்கவில்லை. பார்த்துத் தட்டில் வளர்த்திருந்தால், பெரும்பாலும் அக்கிருமி செபிக்சிமுக்கு மசிந்துதான் இருக்கும். ஆனால் தட்டு வேறு, தொண்டை வேறு. தட்டில் எல்லாக் கிருமியும் ஒரே நேரத்தில் வளர்கின்றன. ஓர் இரவில் கணக்கு முடிகிறது. உள்நாக்கின் இருபுறமும் உள்ள சதைக் கோளங்களில் ஆழமான பொந்துகள் உண்டு. அங்கே சில வளரும், சில சும்மா கிடக்கும். முதல் இரண்டு நாளில் வளர்பவை சாகும். காய்ச்சலும் வலியும் நீங்கும். மிஞ்சியவை மருந்து நின்றதும் மறுபடி சங்கிலி கோக்கும். ஆகவேதான் தொண்டைக்குப் பெனிசிலினோ அமாக்சிசிலினோ செபலெக்சினோ, எதுவானாலும் பத்து நாள் கொடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். சில புதிய செபலோஸ்போரின்கள் ஐந்து நாளிலேயே தொண்டையைத் துப்புரவாக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் தொண்டையிலிருந்து கிருமியை நீக்குவது ஒன்று, ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பது வேறொன்று. பின்னதற்கு வலுவான சான்று இருப்பது பெனிசிலினுக்குத்தான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு படைத்தளத்தில் நடந்த ஆய்வு 1950-இல் வெளிவந்தது. தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் பெற்ற 798 வீரர்களில் 2 பேருக்கும், பெறாத 804 பேரில் 17 பேருக்கும் அந்நோய் வந்தது. செபிக்சிமுடன் வரும் தாளிலேயே, ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதில் அதன் பயன் நிறுவப்படவில்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். நான்கு மாத்திரையை வெட்டிக் கொடுக்கும்போது அந்தத் தாள் கடையிலேயே தங்கிவிடுகிறது.

இதை அம்மாவுக்கு நான் சொன்ன மாலையில் அவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பத்து நாள் குடுத்திருந்தா வந்திருக்காதா?" என்றார்கள். வந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைந்திருக்கும் என்பதே நேர்மையான பதில். ருமாட்டிக் காய்ச்சல் வரும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத் தொண்டை வலி வந்த நினைவே இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சொன்னேன். முதலாவதை மட்டுமே அவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஏ பிரிவு இவ்வளவு அடக்கம் என்றதும் சங்கிலிக் குலமே அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. நியூமோகாக்கஸ் வேறு ரகம். 1928-இல் கிரிஃபித் செய்த சோதனையை நாம் எல்லாரும் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்: செத்த கிருமியின் பண்பை உயிருள்ள கிருமி வாங்கிக்கொண்டதே, அது இந்த நியூமோகாக்கஸ்தான். அதே பழக்கத்தால், வாயில் வாழும் விரிடான்ஸ் உறவினரிடமிருந்து மாறிய கொத்தனார்களின் மரபணுத் துண்டுகளை வாங்கித் தன்னுடையதோடு ஒட்டுப்போட்டுக்கொண்டது. 1967 முதலே பெனிசிலினுக்கு முழுதும் மசியாத வகைகள் தெரியவந்தன. 1977-இல் தென்னாப்பிரிக்காவில் அது பெருங்கவலையாயிற்று. கொத்தனார் மாறினால் செபலோஸ்போரினுக்கும் சிக்கல்தான். எனவே இங்கே வில்லை வைத்து வட்டம் அளப்பது போதாது. கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று எண்ணாகவே அறிய வேண்டும்.

அந்த எண்ணில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விந்தை உண்டு. செப்ட்ரியாக்சோனுக்கு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்று வந்தால், நுரையீரலில் இருந்து எடுத்த கிருமியாயின் "மசியும்" என்று அமெரிக்க விதிமுறைப்படி எழுதுவார்கள். அதே எண் மூளை உறை நீரிலிருந்து வந்த கிருமிக்கானால் "இடைப்பட்டது" என்று எழுதுவார்கள்; அங்கே மசியும் என்று சொல்ல 0.5-க்கு மேற்படக் கூடாது. கிருமி ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். மூளை உறைக்குள் மருந்து குறைவாகவே நுழைகிறது என்பதால் தீர்ப்பு மாறுகிறது. மசிதல் என்பது கிருமியின் குணம் மட்டும் அன்று என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அத்தகைய நோயாளிக்குச் சோதனை முடிவு வருமுன் செப்ட்ரியாக்சோனோடு வாங்கோமைசினையும் சேர்த்துக் கொடுப்பதன் காரணமும் இதுவே.

நம் நூலகத்திலிருந்து பழைய நுண்ணுயிரியல் நூலை எடுத்துப் படிப்போருக்கு ஒரு சிறு குறிப்பு. அதில் ஸ்டிரெப்டோகாக்கஸ் பீகாலிஸ் என்று ஒன்று இருக்கும். 1984-இல் அதைக் குலத்திலிருந்து விலக்கி என்டரோகாக்கஸ் என்று தனிப்பேரினம் ஆக்கிவிட்டார்கள். பெயர் மாற்றம் வெறும் ஏட்டுச் சடங்கு அன்று. செபலெக்சின் முதல் செப்ட்ரியாக்சோன் வரை மருத்துவத்தில் வழக்கமாகத் தரும் எந்தச் செபலோஸ்போரினும் அதனிடம் செல்லாது. செபலோஸ்போரினை மிகுதியாகக் கொடுக்கும் மருத்துவமனைகளில், மற்றக் கிருமிகள் ஒழிந்த குடலில் இது செழித்து வளரும். சங்கிலிக் கிருமிக்குச் செபலோஸ்போரின் கேட்கும் என்று பொத்தாம்பொதுவாகத் தேர்வில் எழுதுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்குச் செபலோஸ்போரின் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பத்தில் ஒருவருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது என்று பழைய நூல்கள் அச்சுறுத்தின. இப்போது நூற்றுக்கு இரண்டு அளவில், அல்லது அதற்கும் கீழே என்கிறார்கள். பக்கச் சங்கிலி ஒத்திருப்பதுதான் முக்கியமாம். செபலெக்சினும் ஆம்பிசிலினும் அவ்வகையில் ஒத்தவை. செபாசோலின் எதையும் ஒத்ததன்று. மூச்சுத் திணறி மயங்கி விழுந்த வரலாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

என் தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை அரசு மருத்துவமனையில் பென்சத்தீன் பெனிசிலின் 12 லட்சம் யூனிட் இடுப்பில் போடுகிறார்கள். ஊசி போட்ட அன்று நொண்டி நொண்டித்தான் நடப்பான். "இத்தனை செபலோஸ்போரின் இருக்கே, மாத்திரையாக் குடுக்கக் கூடாதா அக்கா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டான். செப்ட்ரியாக்சோன் ஊசிகூட ஒரு நாளுக்குத்தான் தாங்கும். பென்சத்தீன் பெனிசிலினோ தசையில் தங்கி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிகிறது. அவ்வாறு இரத்தத்தில் நிற்கும் அளவு மிக மிகச் சொற்பம். வேறொரு கிருமியாயிருந்தால் அதைப் பொருட்படுத்தாது. ஏ பிரிவு அந்தத் துளிக்கே மசிந்துவிடுகிறது என்பதால்தான் இந்த ஏற்பாடே நடக்கிறது. இதைச் சொன்னதும் அவன், "அப்ப அது நல்ல கிருமின்னு சொல்லு" என்றான்.

வால்வில் கசிவு நிலைத்துவிட்டால் இந்த ஊசி நாற்பது வயதுவரை என்பது கணக்கு. தம்பிக்கு இப்போது பதினைந்து. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதப் போகிறான். தேர்வு அட்டவணை வந்ததும் அம்மா தினக் காட்டியை எடுத்து ஊசி நாட்களை எண்ணிப் பார்த்தார்கள். கணிதத் தேர்வுக்கு முதல் நாள் ஒன்று விழுகிறது. இரண்டு நாள் முன்கூட்டியே போடலாமா என்று கேட்டு வர அடுத்த வாரம் நான் போகிறேன்.